கடைமடைக்கு முதல் தண்ணீர்

அப்பா,

ஈரமண் வாசனை சன்னல் வழியாக வருகிறது. கண்மாய் மடையைத் திறந்துவிட்டார்கள். முதல் தண்ணீர் நம் வயலைத் தாண்டிக் கடைமடைக்கு ஓடுகிறது. அதற்குக் காரணம் நான். பெரியப்பா கூடத்தில் படுத்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் விளக்கைத் தணித்துவிட்டு எழுதுகிறேன்.

பட்டாளத்திலிருந்து நீங்கள் எகிப்துக் கதைகளோடு வந்தீர்கள். நைல் நதி வாய்க்காலிலும் முறை வைத்துத்தான் பாய்ச்சுகிறார்கள் என்பீர்கள். "எந்த தேசத்துலயும் மேல்மடைக்காரன் கைதான் தாயி நீளும். அதுக்குத்தான் ஊர் கூடணும்."

கண்மாய் நிறையாத வருடங்களில் பெயர் எழுதிய ஓலைச் சுருள்களைக் குடத்தில் போட்டு, ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வது நம் ஊர் வழக்கம். முதலில் வரும் ஓலைக்கு முதல் தண்ணீர். நீங்கள் இருந்தவரை என்னை எடுக்க விட்டதில்லை. "நம்ம பிள்ளை நம்ம பேரையே எடுத்தா நாலு பேரு பேசுவான்" என்பீர்கள்.

நீங்கள் காலமான பிறகு ஓலை சுருட்டுவது பெரியப்பாதான். நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நம்ம ஓலை ஓரம் மடிஞ்சிருக்கும். தடவிப் பாத்து எடு. இல்லைன்னா பள்ளிக்கூடம் கிடையாது, புதுப்பட்டிக்குத் தீப்பெட்டி ஒட்டப் போ."

இன்று குடத்தின் முன் என்னை நிறுத்தினார்கள். கடைமடை செல்லையா மாமா சொன்னார்: "ஏத்தா, போன வருசம் எனக்குத் தண்ணி வரல, தவளைதான் வந்துச்சு. பாத்து எடு."

எல்லோரும் சிரித்தார்கள். "சும்மா இருக்கீகளா," என்று அதட்டிய பெரியப்பா, "கைய உள்ள விடு ஆத்தா, வெரசா" என்றார்.

மடிந்த ஓரம் விரலில் பட்டது. அதை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்தேன். செல்லையா மாமாவின் பெயர் வந்தது. அவர் சிரிக்கவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாப்பிடும்போது பெரியப்பா பெரியம்மாவிடம் சொன்னார்: "திங்கக்கிழமை இவளைத் தீப்பெட்டிக் கம்பெனி வண்டியில ஏத்திவிடு."

"டீச்சரம்மா கேட்டாகன்னா?"

"வயித்துவலின்னு சொல்லு."

அந்த வண்டியை நினைத்தால் பயம்தான் அப்பா. ஆனால் உறங்கவிடாதது வேறொன்று. அடுத்த வருடம் குடத்தின் முன் வேறு பிள்ளை நிற்கும். அந்தப் பிள்ளையையும் பெரியப்பா இப்படித் தனியாகக் கூப்பிடுவார்.

மடைக்குக் காவல் வைக்க நாளை ஊர் மறுபடி கூடுகிறது. நான் வாய் திறந்தால் திங்கட்கிழமை வண்டி நிச்சயம். பேசாமல் அழுதால் பெரியப்பா மனம் இரங்கலாம். ஊர் கூட வேண்டும் என்ற உங்கள் சொல்தான் என்னிடம் மிச்சம். கூடியவர்கள் நடுவில் யாராவது பேச வேண்டும் என்பது இன்றுதான் புரிகிறது.

குரல் உடையாமலிருக்க, வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறேன்: "ஓலை சுருட்டும்போது கடைமடைக்காரரு ஒருத்தரு பக்கத்துல உக்காரணும். ஏன்னா..."

அதற்குமேல்தான் இன்னும் வரவில்லை. விடிவதற்குள் வந்துவிடும்.