கோரிப்பாளையத்துச் சாமியானா

வைகாசி 12, வெள்ளி இரவு. விளாங்குடி.

ஆனியில் வைத்திருக்கும் என் மகளின் காதுகுத்துக்குச் சாமியானா பேச அண்ணனும் நானும் இன்று கோரிப்பாளையம் போனோம். கடைக்கார பாய், சாமியானாவில் சின்னது பெரியது இரண்டையும் விரித்துக் காட்டினார். "எம்புட்டுப் பேரு உக்காந்து சாப்பிடுவாக, தம்பி?"

"சொந்தக்காரவுக மட்டுந்தேன். சின்னதே போதும்" என்றார் அண்ணன்.

"நம்ம வயக்காட்டு ஆளுகளும் வருவாகளேண்ணே."

"அவுக என்னைக்குடா பந்தலுக்குள்ள உக்காந்தாக? வெளிய நின்னு வாங்கிட்டுப் போவாக."

மரமே இல்லாத எங்கள் களத்தையும் ஆனி வெயிலையும் நினைத்துப் பார்த்தேன். மகள் பிறந்த அன்று வைகையில் வெள்ளம். அக்கரையிலிருந்து மருத்துவச்சியைத் தோளில் சுமந்து வந்தவன் எங்கள் வயலில் வேலை செய்யும் மாடசாமிதான். அன்று அவனை யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. பெரியதையே அனுப்பும்படி பாயிடம் சொல்லிவிட்டேன். வீடு வந்ததும் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் மாடசாமி வீட்டுக்குப் போனேன். "குடும்பத்தோட வந்து, பந்தலுக்குள்ள உக்காந்து சாப்பிடணும்" என்றேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்திருந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க சொல்லிட்டுப் போயிருவீக, சாமி. மறுநா உங்கண்ணன் பெரியவரு வேலைக்கு வர வேண்டாம்னுட்டா நான் எங்க போவேன்?"

சாமியானாவைப் பெரிதாக எடுத்ததோடு காரியம் முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

உடம்பெல்லாம் அலுப்பு. கண் எரிகிறது. பக்கத்து அறையில் அண்ணன் புரண்டு படுப்பது கேட்கிறது, அவரும் தூங்கவில்லை. எழுந்து போய் அவரிடம் பேசிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.