துண்டில் ஒரு காட்டெருமை

மாமாவுக்கு,

எங்கள் ஓட்டலில் கட்டில்மேல் குளியல் துண்டை அன்னமாக மடித்து வைப்பதுதான் வழக்கம். இன்று நான் காட்டெருமையாக மடித்தேன். "ஏம்மா, ஜோடியா வர்றவங்க பயந்துக்க மாட்டாங்களா?" என்று மேனேஜர் கத்தினார். "தினமும் அன்னமே மடிச்சா கை மரத்துப்போயிருதுங்க" என்றேன். வேலை போனாலும் போகட்டும்.

எனக்கு விதி ஒன்றுதான்: நேற்று இருந்தபடி எதையும் இன்று விடக்கூடாது. வீட்டிலும் கை சும்மா இருப்பதில்லை. பீரோவை ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டேன். ரசத்தில் ஆரஞ்சுத் தோல் போட்டேன். முகம் சுளித்துக்கொண்டே நம் மகள் மோனிஷா இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். "கொஞ்சம் உக்காரும்மா" என்கிறாள். உட்கார்ந்தால் வாசலைப் பார்க்கத் தோன்றுகிறது.

நீங்கள் பேசாமல் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ் ஏறிய அன்று கொடியில் போட்ட உங்கள் துண்டு மட்டும் அப்படியே கிடக்கிறது.

இங்கேயே இருக்கும்,
நான்.