சத்தமில்லாமல் தயாராக நின்ற கார்

என் அன்பான இஞ்சேருங்கோவுக்கு,

இருபத்தெட்டு வருடமும் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்ல இப்போதும் நா எழவில்லை. பியர்பொன்ட்ஸில் நம் வீட்டு வாசலில், உங்கள் ஹைபிரிட் காருக்குள் இருந்து எழுதுகிறேன். இதற்குள் மூன்று தரம் இறங்கி வீட்டுக்குள் போய்விட்டு வந்தேன். ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

நீங்கள் போய் ஏழு மாதம். இந்தக் காரை நான் திட்டாத நாளில்லை. அன்று காலை நீங்கள் நெஞ்சைப் பிடித்ததும், அம்புலன்ஸுக்குக் காத்திருப்பதைவிட நானே கொண்டுபோகலாம் என்று உங்களைப் பக்கத்து இருக்கையில் ஏற்றினேன். என் பக்கக் கதவைத் திறந்ததும் ஏதோ உறுமியது. பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினேன், எங்கேயோ ‘டிக்’ என்றது, அவ்வளவுதான். எஞ்சின் சத்தமில்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடியும். பிறகுதான் வீட்டுக்குள் ஓடிப் போனை எடுத்தேன். அம்புலன்ஸ் வந்தபோது நீங்கள் இல்லை.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று எல்லோருக்கும் சொன்னேன். உங்கள் முப்பத்தோராம் நாள் சடங்குப் பந்தியில்கூடச் சொன்னேன். லவாலில் இருக்கும் நம் மகள், பழுதான காரை அப்பாவின் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கொதித்துப்போய், விற்றவர்மேல் வழக்குப் போட நிற்கிறாள். அதற்காகக் காரைச் சோதிக்கச் சொல்லி, வில்லரேயில் கராஜ் வைத்திருக்கும் யோகன் தம்பியை நேற்று அனுப்பினாள்.

அவர் கதவைத் திறந்தார். அதே உறுமல். நான் துள்ளி விழுந்தேன். அது பிரேக்குக்கு அழுத்தம் ஏற்றும் பம்ப், கதவு திறந்ததுமே தன் வேலையைத் தொடங்கிவிடும் என்றார். பின்னால் காற்றாக மூசுவது பற்றரியைக் குளிரவைக்கும் விசிறியாம். எல்லாம் சுகமான கார் போடும் சத்தம்தானாம். பிறகு என்னையே உள்ளே இருத்தி, பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தச் சொன்னார். ‘டிக்’.

“ஸ்டார்ட் ஆகீட்டுது, அக்கா.”

“சத்தத்தைக் காணேல்லையே?”

“இது முதல்ல பற்றரியிலதான் ஓடும். உந்தப் பச்சை லைட் எரிஞ்சா கார் ரெடி.”

நம்பாத என் கை தன்பாட்டில் பொத்தானை மறுபடி அழுத்தியது. லைட் அணைந்தது.

“இப்ப நிப்பாட்டிப் போட்டியள்,” என்று சிரித்தார்.

அவரில் பிழையில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. அன்றும் கார் தயாராகத்தான் நின்றது. நிறுத்தியது நான்.

எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள்? பழைய காரைத் திறப்புப் போட்டுத் திருகி, எஞ்சினை இரையவைத்து ஓட்டியவள் நான். இது வந்த பிறகு நீங்களே முன்னால் போய்ப் பனியைச் சுரண்டி, உள்ளே சூடாக்கி, எல்லாம் முடித்துத்தான் என்னைக் கூப்பிடுவீர்கள். நான் மகாராணி மாதிரி வந்து ஏறுவேன். இந்தச் சத்தங்களை எல்லாம் தனியே கேட்டீர்களே, ஒருநாளாவது எனக்குக் காட்டித் தந்தீர்களா? இதற்கும் உங்கள்மேல்தான் கோபம் வருகிறது, பாருங்கள்.

அன்று கண்ணை மூடிக்கொண்டு, “பொறும், பொறும்,” என்றீர்கள். என் பதற்றத்தை ஆற்றுகிறீர்கள் என்று நினைத்தேன். கார் ரெடி, கையை எடும் என்று சொல்லத்தான் முயன்றீர்களா? அந்த நிமிடங்கள் கிடைத்திருந்தால் இன்று இருந்திருப்பீர்களா? வைத்தியரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

காரில் பழுதில்லை என்று யோகன் சொல்லியும் மகள் கேட்கவில்லை. திங்கட்கிழமை வழக்கறிஞரிடம் போகிறாளாம். இரவு போனில், “அப்ப அண்டைக்கு ஏன் ஸ்டார்ட் ஆகேல்லை, அம்மா?” என்றாள். பேந்து கதைக்கிறன் என்று வைத்துவிட்டேன்.

அந்தப் ‘பேந்து’வைப் பிறகு பிறகு என்று தள்ளமாட்டேன். இப்போதே லவாலுக்கு நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். அவள் முகத்தைப் பார்த்து நடந்ததைச் சொல்லுவேன். அழுதாலும் ஏசினாலும் கேட்டுக்கொண்டு இருப்பேன். உங்களுக்கு ஒரு வாக்கும் தருகிறேன்: பொத்தானை ஒரு தரம்தான் அழுத்துவேன். பிறகு கையை எடுத்துவிட்டு, பொறுத்திருப்பேன்.

நீங்கள் “இஞ்சேரும்” என்றால் உடனே திரும்பிப் பார்த்த,
உங்கள் மனுசி