விரிப்பின் மறுமுனை

அக்டோபர் 3, திங்கள்

இரண்டாவது தொடருக்கான ஒத்திகை இன்று தொடங்கியது. அதே மெதடிஸ்ட் தேவாலயக் கூடம், அதே ஒழுகும் கூரை, அதே நமுத்துப்போன பிஸ்கட். தரையில் கலர் டேப் ஒட்டி எங்கள் சலவைக்கூடத்தை வரைந்திருக்கிறார்கள். சிவப்புக் கோடு சுவர், மஞ்சள் கோடு இஸ்திரி மேடை. மறதியாகச் சிவப்பைத் தாண்டிவிட்டால், "ஐவி சுவத்துக்குள்ள பூந்து போறா பாரு" என்று எல்லோரும் கத்துவார்கள்.

'வெளுத்துக் கட்டு' தொடரில் நான் மிஸஸ் கிராப். மான்செஸ்டர் ஓட்டல்களின் அழுக்குத் துணியெல்லாம் என் கைக்குத்தான் வரும். எந்த அறையில் யாரோடு யார் தங்கினார்கள் என்று துணியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். எனக்கு எதிரே நின்று வாயாடும் பெக்காக நடிப்பவள் என் பழைய தோழி டிலிஸ். ஊரெல்லாம் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து சிரிக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில் கிடைத்த வாழ்வு. முப்பது வருடம் மழையில் ரயில் மாறி மாறி ஊர் ஊராக நாடகம் போட்டவளுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

கொதிகலன்காரராக நடித்த வில்ஃப் இந்தத் தடவை இல்லை. போன தொடரின் கடைசி ஸ்கிரிப்டில் அவர் பாத்திரத்துக்கு, அங்கேயே வந்துவிடும்படி நியூசிலாந்துத் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. வேலை போன சேதியை அந்த மனிதர் எங்களோடு உட்கார்ந்து ஸ்கிரிப்டைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார். எங்கள் தயாரிப்பாளர் ஜெரால்ட் யாரையும் 'போ' என்று சொல்லமாட்டார். கப்பலேற்றிவிடுவார். அன்றிலிருந்து சனிக்கிழமைத் தபாலில் ஸ்கிரிப்ட் வந்தால் என் வசனத்தை நான் தேடுவதில்லை. வெளிநாட்டுப் பெயர் ஏதாவது இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

இன்று டிலிஸ் என் இடது பக்கம் நின்று என்னவோ சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியவே இல்லை.

"ஏண்டி, காதுல பஞ்சா வச்சிருக்க?"

சிரித்து மழுப்பினேன். தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டேன்.

அக்டோபர் 5, புதன்

பல் வலி என்று பொய் சொல்லிவிட்டுக் காது டாக்டரிடம் போனேன். இடது காது போனது போனதுதானாம். வலது அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறதாம். அவரைக்கொட்டை அளவில் ஒரு மிஷின் கொடுத்தார், காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள.

வீட்டுக்கு வந்து அதைக் காலுறை டிராயருக்குள் திணித்தேன். செவிட்டு நடிகையை எவன் வைத்துக்கொள்வான்?

அக்டோபர் 7, வெள்ளி

முதல் ஒளிப்பதிவு. ஒத்திகையில் ஒரு கஷ்டமும் தெரியவில்லை. எல்லோருடைய வசனமும் எனக்கு மனப்பாடம், வாயசைவைப் பார்த்தே சமாளித்துவிடுவேன். ஆனால் வெள்ளிக்கிழமை ஸ்டூடியோவில் ஜனங்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்களே! அவர்கள் சிரிப்புக்கு ஏது வாயசைவு? விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது, எதிரே ஒரே இருட்டு.

வெளியாட்களுக்கு இது புரியாது. ஒரு சிரிப்பு எழுந்தால் அது ஏறி, உச்சிக்குப் போய், இறங்கத் தொடங்கும்போது அடுத்த வசனத்தைப் போடவேண்டும். முந்திப் பேசினால் வசனம் சிரிப்பில் மூழ்கிப்போகும். பிந்தினால் எழவு வீடு. காது நன்றாக இருந்தவரை இதை நான் யோசித்ததே இல்லை. மூச்சு விடுவதை யார் யோசிப்பார்கள்?

இன்று பிஷப்பின் தலையணை உறை பற்றிய வசனத்தைச் சொன்ன கையோடு அடுத்ததையும் சொல்லிவிட்டேன். ஜெரால்ட் மாடியிலிருந்து இறங்கி வந்தார். நல்லவேளை, நேருக்கு நேர் நின்றார்.

"ஐவி கண்ணு, அவங்க இன்னும் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. முடிக்க விடுங்க, கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு."

மறுபடி எடுத்தோம். பயமாக இருக்கிறது. வேறென்ன எழுத.

அக்டோபர் 8, சனி

ஸ்கிரிப்ட் வந்தது. வெளிநாடு ஒன்றும் இல்லை. நானும் டிலிஸும் விரிப்பு மடிக்கும் காட்சி ஒன்று இருக்கிறது.

அக்டோபர் 11, செவ்வாய்

கூடத்தின் மூலையில் டிலிஸும், தொடரை எழுதும் லெஸ்ஸும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கோட்டை மாட்டப் போனதும் நிறுத்திக்கொண்டார்கள். லெஸ் தன் ஷூவைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள்.

என்னைப் பற்றித்தான். வேறென்ன இருக்கும்? மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது சரிதான், ஆனால் வழியில் நிஜமாகவே திருடன் நின்றால்?

அக்டோபர் 14, வெள்ளி

டிலிஸ் ஒரு சண்டாளி. விரிப்பின் ஒரு முனை என் கையில், மறுமுனை அவள் கையில். நான் வசனம் சொல்லிவிட்டு எப்போது பேசுவது என்று தெரியாமல் திகைத்து நிற்கிறேன், வெடுக்கென்று இழுக்கிறாள்! தடுமாறி, பதற்றத்தில் அடுத்த வசனத்தை உளறினேன். ஒரு தடவை இல்லை, காட்சி முழுக்க இதே வேலை. ஓல்டாமில் நாடகம் போட்ட காலத்தில் என் கவுன் வாலை மிதித்துக்கொண்டு நின்றவள்தானே இவள்! பிறவிக் குணம் எங்கே போகும்.

ஒப்பனை அறையில் கேட்டேவிட்டேன். "எதுக்குடி அப்படி இழுக்கற?"

"துணின்னா இழுத்துத்தான் மடிக்கணும். உங்க வீட்டுல சுருட்டியா வைப்பீங்க?"

ஜெரால்ட் இன்று ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 15, சனி

புது ஸ்கிரிப்டைப் பார்த்தால் எந்தக் காட்சியைத் திருப்பினாலும் விரிப்பு! லெஸ்ஸிடம் அவள் என்ன பேசினாள் என்று இப்போது தெரிகிறது. என்னைத் தள்ளாட வைத்துத் தான் பேர் வாங்கப் பார்க்கிறாள்.

அக்டோபர் 20, வியாழன்

ஜெரால்ட் தனியாகக் கூப்பிட்டார். "களைப்பா இருக்கீங்களா, ஐவி? எதுவானாலும் எங்கிட்ட சொல்லலாம்."

வில்ஃபிடமும் இதையேதான் கேட்டார். "இல்லையே, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

நாளைக்கு மிஷினை மாட்டிக்கொண்டு போவதென்று முடிவு செய்துவிட்டேன். மிஸஸ் கிராப் தலையில் எப்போதும் துணி கட்டியிருப்பாள், அதற்குள் மறைந்துவிடும். வேறு வழி தெரியவில்லை.

அக்டோபர் 21, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் காட்சி அற்புதமாகப் போனது. சிரிப்பு கேட்டது! கடல் மாதிரி. அழுகையே வந்துவிட்டது. இரண்டாவது காட்சிக்கு முன்னால், கழன்று விழுந்துவிடுமோ என்று பயந்து தலைத்துணியை இறுக்கிக் கட்டினேன். அதுதான் வினை. விரிப்போடு வந்து நின்று வாயைத் திறந்தால், எல்லோரும் சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள். கேமராக்காரர் முகத்தைச் சுளிக்கிறார். ஒலிப்பதிவுக்காரர் பாரி மைக்கைத் தூக்கிக்கொண்டு விளக்கு, கொதிகலன், மேடை என்று ஒவ்வொன்றாக மோந்து பார்க்கிறார். எங்கேயோ விசிலடிக்கிறதாம். எனக்கு மட்டும் கேட்கவில்லை. எனக்குக் கேட்காத அந்தச் சத்தம், துணி அமுக்கியதால் என் தலையில் இருக்கும் மிஷினிலிருந்துதான் வருகிறது என்று புரிந்தபோது விரிப்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். பாரி என் பக்கம் வந்துகொண்டே இருந்தார்.

டிலிஸ் விரிப்பைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"தேடாதீங்கய்யா! விசில் என் வாய்க்குள்ள இருக்கு. புது பல்செட்டு. வாயைத் திறந்தா ரயிலு ஊதற மாதிரி ஊதுது, நான் என்ன பண்ண?"

கொட்டகையே சிரித்தது. இருபது வருடமாக 'எல்லாம் என் சொந்தப் பல்' என்று சத்தியம் செய்துகொண்டிருந்தவள்! "வாடி, வந்து பசை தடவிக் குடு" என்று என்னைத் தரதரவென்று செட்டுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். ஒட்டுப்பலகைக் கொதிகலனுக்குப் பின்னால் நின்று, வாயை நன்றாக அசைத்துச் சொன்னாள்.

"அதை அணைச்சுத் தொலை."

"உனக்கு... எப்பத்திலேருந்து தெரியும்?"

"முதல் நாளே. உன் பாவாடை பின்னால சொருகிக்கிட்டு ஊரே பாக்குதுன்னு சொன்னேன். நீ தேநீரைப் பாத்து இளிச்ச. காது கேக்கறவ அப்படியா இளிப்பா?"

தலைத்துணிக்குள் கையை விட்டு மிஷினை அணைத்தேன்.

"விரிப்பை எதுக்கு இழுக்கறேன்னு இப்பவாவது புரியுதா, கழுதை? சிரிப்பு இறங்குறப்ப இழுக்கறேன். இழுத்தா பேசு. இழுக்கலன்னா வாயை மூடிக்கிட்டு நில்லு."

அக்டோபர் 22, சனி

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவளைச் சண்டாளி என்று எழுதிய பக்கத்தை அடிக்கலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். என் லட்சணம் எனக்கே தெரியட்டும்.

அக்டோபர் 28, வெள்ளி

மிஷின் இல்லாமல் போனேன். அவள் இழுத்தாள், நான் பேசினேன். ஒரு சிரிப்பைக்கூட மிதிக்கவில்லை. ஜெரால்ட் என் கன்னத்தில் முத்தமிட்டார். டிலிஸிடம் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

அக்டோபர் 29, சனி

கடைசி ஸ்கிரிப்ட் வந்தது. கனடா.

பெக்குக்கு. வின்னிபெக்கிலிருந்து அக்கா மகள் கடிதம் போட்டிருக்கிறாளாம், அங்கேயே வந்துவிடும்படி.

என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். 'அப்பாடா, நான் இல்லை.' முதலில் தோன்றியது அதுதான்.

அக்டோபர் 31, திங்கள்

ஜெரால்ட் தேநீர் ஆற்றிக்கொண்டே என்னிடம் மட்டும் சொன்னார். "பாவம்தான் டிலிஸ். ஆனா பல்லு ஆடற வயசு வந்தாச்சு, கண்ணு. அன்னிக்கு அரை மணி நேரம் பதிவு நின்னுபோச்சு. இதுக்கு மேல துணிய முடியாது."

பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, அது உடைந்து விழும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிலிஸ் ஒத்திகையில் எப்போதும்போல வாயாடினாள். "வின்னிபெக்ல பனி இடுப்பளவாம். நான் போனா உருகிடும்." எல்லோரும் சிரித்தார்கள். என் முகத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நீ சொல்லு என்று பார்த்திருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம்.

சொன்னால் அவள் இருப்பாள், என் கப்பல் கிளம்பும். சொல்லாவிட்டால் மறுமுனையைப் பிடிக்க ஆள் இருக்காது. எப்படிப் பார்த்தாலும் நான் தொலைந்தேன் அல்லவா? அப்படியானால் எதற்கு இந்தப் பயம்?

தெரியவில்லை. பயம் கணக்குப் பார்த்தா வருகிறது?

நவம்பர் 1, செவ்வாய்

போனேன்.

ஜெரால்டின் அறை. "விசில் டிலிஸோட பல்லு இல்ல" என்று தொடங்கினேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், மழையைப் பார்த்தபடி என்னவோ சொன்னார். முதுகுதான் தெரிந்தது. தோள் அசைந்தது. என்னைத் திட்டினாரா, போகச் சொன்னாரா, ஒன்றும் தெரியாமல் நின்றேன். அதைவிடப் பயங்கரமான நிமிடம் என் வாழ்வில் இல்லை.

"ஜெரால்ட், திரும்பி என்னைப் பாத்துச் சொல்லுங்க. எனக்குக் காது கேக்காது."

திரும்பினார். நாற்காலியை என் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "எத்தனை நாளா?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். விரிப்பு விஷயத்தையும் சொன்னேன். "யோசிக்கணும்" என்றார்.

யோசிப்பதென்றால் என்ன அர்த்தம் என்று வில்ஃபைக் கேட்டால் தெரியும்.

நவம்பர் 2, புதன்

ஒரு சேதியும் இல்லை. ஸ்கிரிப்டில் கனடா இன்னும் இருக்கிறது. லெஸ் ஒத்திகைக்கே வரவில்லை.

நவம்பர் 3, வியாழன்

லெஸ் வந்தான், கையில் புதுப் பக்கங்களோடு. காது வரை சிவந்திருந்தான். "ஐவி, தப்பா எடுத்துக்காதீங்க, ஜெரால்ட் சரின்னுட்டாரு... மிஸஸ் கிராபுக்குக் காது மிஷின் வைக்கலாமா? எல்லாரும் பாக்கற மாதிரி?"

சுருக்கென்றது. என் செவிடு ஊருக்கு வேடிக்கையா? எழுந்து போய்விடலாம் என்று கோட்டை எடுத்தேன். டிலிஸ் வழியை மறித்தாள்.

"உனக்கு ரெண்டு பக்கம் வசனம் கூட வருதுடி. என் பல்லை ஊரே பாத்தாச்சு. உன் காதுக்கு மட்டும் என்ன முக்காடு?"

கனடாக் கடிதத்தை என்ன செய்தாய் என்று லெஸ்ஸைக் கேட்டேன். புதுக் கதையில் அதைச் சட்டைப் பையோடு சேர்த்துத் துவைத்தாயிற்று என்றான்.

நவம்பர் 4, வெள்ளி

கடைசிப் பதிவு. அவர்கள் சிரிக்காவிட்டால்? பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டால்? அதோடு மிஸஸ் கிராப் செத்தாள்.

விரிப்பு மடிக்கும் காட்சி. கரைந்துபோன கடிதத்தைக் காட்டிப் பெக் தன் மனதையெல்லாம் கொட்டுகிறாள். தனிமை, வயசு, என்னை விட்டுப் போக முடியாதது, எல்லாம். டிலிஸ் இவ்வளவு நன்றாக நடித்து நான் பார்த்ததில்லை. அவள் முடித்ததும் நான் விரிப்பின் என் முனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலைத்துணியைத் தளர்த்தி, மிஷினை ஊரறிய வெளியே எடுத்து, பொத்தானைத் திருகிவிட்டுச் சொன்னேன்.

"ம், இப்பத்தான் போட்டேன். முதல்லேருந்து சொல்லு."

நிஜத்தில் அதற்குள் பேட்டரிகூட இல்லை.

எதிரே இருட்டு. அடுத்த வசனமும் என்னுடையதுதான், நாக்கு நுனியில் நின்றது. துணி இழுபடும் என்று காத்திருந்தேன். இழுபடவில்லை. தொய்ந்தே கிடந்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லையோ? டிலிஸைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், கண்ணில் நீர் கட்டியிருந்தது. கை மட்டும் அசையவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.