பதினேழாவது பெயர்

கல்முனைக்குடி
புதன்கிழமை

அன்புள்ள மேனுஜா,

"எனக்கு இதில் சம்மதமில்லை, மாமி." அன்று நான் சொல்லாதது இவ்வளவுதான். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அதன் பிறகு நடந்ததை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

நீ மெல்பர்ன் குளிரில் வேலைக்கு ஓடிக்கொண்டிருப்பாய். சென்ற வாரம் சந்தையில் உன் அம்மாவைக் கண்டேன். பாண்டிருப்பிலிருந்து நடந்தே வந்திருந்தார். முழங்கால் வலி குறைவாம். நீ தொலைபேசியை ஐந்து நிமிடத்தில் வைத்துவிடுகிறாயாம். எழுதும்போது இதையும் எழுதச் சொன்னார்.

எங்கள் திருமணச் சட்டத்தை மாற்றலாமா என்று அரசாங்கம் கருத்துக் கேட்டிருக்கிறது. உனக்குத் தெரியும், எங்கள் பதிவேட்டில் மணமகன் கையெழுத்திடுவான். மணமகளுக்காக அவளுடைய வாப்பா இடுவார். அவளுக்கு அந்தத் தாளில் இடமில்லை. அதை மாற்ற வேண்டாம் என்று பெண்களே கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டுமெனப் பள்ளிவாசலில் முடிவெடுத்தார்கள். குடிக்கு ஒரு பட்டியல். எங்கள் குடிக்கு வாப்பாதான் மரைக்கார். பள்ளிவாசல் நிருவாகத்தில் எங்கள் குடிக் குடும்பங்கள் எல்லாவற்றின் பிரதிநிதியாகப் பத்தொன்பது வருடங்களாக இருக்கிறார். அந்தப் பொறுப்பை அவர் எவ்வளவு மதிக்கிறார் என்பது எங்கள் வீட்டில் சோறுண்ட உனக்கும் தெரியும்.

முனவ்வறா மாமி பட்டியலோடு வந்தார். பெயர்களை முன்பே எழுதி வைத்திருந்தார்கள். என் பெயர் பதினேழாவது. உம்மா கையெழுத்திட்டார். என் மூத்தவள் றிப்னா ராத்தாவும் இட்டாள். பேனையை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பதினாறு வயதில் அவளுக்கு நிகாஹ். சம்மதமா என்று அறைக்குள் வந்து கேட்டபோது அவள் பேசவில்லை, அழுதாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தத் திருமணத்தின் பேரில் அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்டது காதி நீதிமன்றத்தில், பிரிந்து வந்த பிறகு.

நான் பேனையை வாங்கவில்லை. "என்ன புள்ள, தலகாணி மாதிரிப் புத்தகமெல்லாம் படிக்கிறாய், பேரெழுத மறந்திட்டியா?" என்று மாமி சிரித்தார். தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன். "வாய் தொறக்கல்லதானே, அப்ப சம்மதம்தான்" என்று அவர் சொல்வது அங்கே கேட்டது. திரும்பி வந்தபோது வாப்பா வந்திருந்தார்; என் பெயருக்கு நேரே அவருடைய கையெழுத்து இருந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மகளுக்காகக் கையெழுத்திடுவது அவர் கைக்குப் பழகிய காரியம்.

என் பெயரில் போகும் கருத்து என்னுடையதல்ல என்று ஒரு கடிதம் எழுதிக்கொண்டு திங்கட்கிழமை அரச அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் இரண்டு முறை வாசித்தார். "தங்கச்சி, தனியாள்ர கடிதம் எடுக்க ஏலா. பள்ளிவாசல் முத்திரையோட கொண்டாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கடிதத்தைத் திருப்பித் தந்தார்.

இனிப் பேச வாப்பா ஒருவர்தான் மிச்சம். நேற்று அஸர் தொழுதுவிட்டு வந்து, வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, நீங்கள் இட்ட கையெழுத்து என் மனதில் இருப்பதல்ல என்று சொன்னேன்.

"அப்பவே செல்லியிருக்கலாமே, மகள்" என்றார்.

ஓம், சொல்லியிருக்கலாம் என்றேன்.

வெகுநேரம் ஒரே இடத்தையே துடைத்தார். பிறகு, "நிகாஹ் அண்டைக்கு றிப்னாவும் ஒண்டும் பறையல்ல, என்ன?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பட்டியலை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். வெட்டிய பெயரோடு கொண்டுபோனால், சொந்த மகளையே அடக்கத் தெரியாதவர் குடிக்கு எப்படி மரைக்கார் என்பார்கள். என் பெயரை வெட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. வெட்ட வேண்டாம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. எது பாவம் என்று எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை, மேனுஜா.

உன் சாமி படத்துக்கு முன்னால் நிற்கும்போது என் வாப்பாவையும் ஒரு தரம் நினைத்துக்கொள். உனக்கும் உன் மகனுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். அம்மாவிடம் அவசரப்படாமல் கதை. அவர் சொல்லாமல் வைத்திருப்பதையும் கேள்.

உன்,
ஸுல்பிகா

வெள்ளி பின்னேரம்: இந்தக் கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. காலையில் வாப்பா பதினேழாவது பெயரைத் தன் கையாலேயே வெட்டிப் பக்கத்தில் கையொப்பம் வைத்து, பட்டியலைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனார். அதற்கு முன் றிப்னா ராத்தாவிடமும், உன்னுடையதையும் வெட்டவா என்று கேட்டார். தன்னுடையது இருக்கட்டும் என்றாள். ஜும்ஆ முடிந்ததும் எங்கள் குடிக்குப் புதிய மரைக்காராக சரீப் ஹாஜியாரின் பெயரை வாசித்தார்கள்.