கேட்க ஆளில்லாத இடம்

பிப்ரவரி 9, 2009

கம்பெனி வெளியே அனுப்பியதிலிருந்து மேற்குத் தாம்பரம் பிரவுசிங் சென்டர்தான் ஆபீஸ். பயோடேட்டா அனுப்ப உட்கார்ந்தவன் வேறு எங்கேயோ போய்விட்டேன். எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவில் பீர் தவீல் என்று ஒரு பாலைவனம். இரண்டு நாடுமே அதை வேண்டாம் என்கின்றன. தன்னுடையது என்று சொன்னால், பக்கத்திலிருக்கும் பெரிய கடலோர நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டிவருமாம்.

யாருக்கும் சொந்தமில்லாத மண். போய்க் கொடி நட்டால் நான்தான் ராஜாவா?

ஷாயிஸ்தாவிடம் சொன்னேன். "அங்க தண்ணி வருமாண்ணா?" என்றாள். தங்கையிடம் போய்ச் சொன்னேனே.

பிப்ரவரி 22

மே மாதம் அத்தா ரிடையர் ஆகிறார். அதற்குப் பிறகு சில மாதங்களில் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நான் மூன்றாவது படிக்கும்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வாங்கிப்போட்ட மனையில் வீடு கட்டிவிடலாம் என்று பார்க்கப் போனோம்.

மனையில் ஒரு குடிசை. அடுப்பு எரிகிறது.

வெளியே வந்த பெண்ணின் பெயர் கிளியம்மாள். புருஷன் சவுரிமுத்து, செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். அத்தா பத்திரத்தின் நகலை நீட்டினார். கிளியம்மாள் வாங்கவில்லை.

"கேக்க ஆளில்லாத எடம்னு சொன்னாங்க பாய். மூணு வருசமா இங்கதான் கீறோம்."

திரும்பும்போது ரயிலில் அத்தா அந்த நகலை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

பிப்ரவரி 23

பீர் தவீலில் ஒட்டகம் மேய்ப்பவர்கள் இருக்கிறார்களாம். இன்றுதான் அந்தப் பக்கத்தைக் கடைசி வரை படித்தேன்.

மார்ச் 8

"நீ சும்மாதானே இருக்கே அஸ்கர்" என்றார் அத்தா. மனையின் மூலையில் ஒரு கொட்டகை போட்டுத் தருகிறாராம். "போய் இரு. நம்ம எடத்துல நாம இருந்தாத்தான் நம்ம எடம்."

சும்மா.

மார்ச் 15

வந்துவிட்டேன். கொட்டகைக்கும் குடிசைக்கும் நடுவே துணி உலர்த்தும் கொடி ஒன்று. அவர்களுடையது.

மார்ச் 19

கொடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் சோறு வடிக்கிறார்கள். இந்தப் பக்கம் நான் பன் பொட்டலம் பிரிக்கிறேன்.

ஏப்ரல் 3

கிளியம்மாள் கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து வைத்தார்.

"படிச்ச புள்ள. வேலைக்குப் போவலியா?"

"வேலை போயிடுச்சுக்கா."

"இவருக்கும் அப்டித்தான். சூளைய மூடிட்டாங்க." கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். "எங்கள தொரத்தத்தான வந்துகீறே?"

குனிந்து சாப்பிட்டேன். காரம். நல்ல குழம்பு.

மே 12

காலையில் கட்சி ஆபீஸ் ஆள் ஒருவர் நாலு பேரோடு வந்தார், கடப்பாறை சகிதம். அத்தாதான் சொல்லியிருக்கிறார்.

"தம்பி, நீ போய் ஒரு டீ சாப்ட்டு வா. வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்."

நான் போகவில்லை. தைரியம் என்று எழுதினால் பொய். கிளியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அத்தாவுக்குப் போன் போட்டேன். "நீங்க வந்து நில்லுங்கத்தா. நின்னு பாத்துட்டு அப்புறம் இடிக்கச் சொல்லுங்க."

அத்தா வந்து இறங்கியபோது சவுரிமுத்து, யாரும் சொல்லாமலே, பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். அத்தா அடுப்புப் பக்கம் போனார்.

"சோறு ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

"வெந்துகினு கீது பாய்" என்றார் கிளியம்மாள்.

அத்தா கட்சிக்காரரை ஓரமாக அழைத்துப் போனார். அந்த ஆள் முகத்தைச் சுளித்துக்கொண்டே வண்டி ஏறினார். அத்தா தரையைப் பார்த்தபடி சவுரிமுத்துவிடம் சொன்னார்: "எனக்கும் குவார்ட்டர்ஸ் போவுதுப்பா. எனக்கும் வேற எடம் இல்ல. நீங்க ஒண்ணு பாத்துக்கற வரைக்கும் இருங்க."

யார் பக்கம் நியாயம்? இரண்டு பக்கமும் இருந்தால் மனுஷன் எங்கே போய் நிற்பது?

ஜூன் 21

அவர்கள் போகிறார்கள். ஏரிக்கரையில் இடம் பார்த்திருக்கிறார்களாம். கீற்றையும் கழிகளையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு நானும் அத்தாவும் கூடப் போனோம்.

"இது யாரு எடம்?" என்று அத்தா கேட்டார்.

"தெரியல பாய்" என்றார் சவுரிமுத்து.

அத்தா ஏரியைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு, குழியில் இறக்கிய கழியைச் சாயாமல் பிடித்துக்கொண்டார்.

எங்கள் மனை இப்போது முழுக்க எங்களுடையது. சாயங்காலம் அதில் தனியாக உட்கார முடியவில்லை.

ஆகஸ்ட் 30

நோன்பு வைத்துக்கொண்டே அத்தா புது வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். எனக்கு மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை. பழைய சம்பளம் இல்லை.

நவம்பர் 6

இரண்டு அறை, பூசாத சுவர், குடிவந்து பத்துப் பதினைந்து நாள் ஆகிறது. விடிந்ததிலிருந்து மழை. ஏரி தளும்புகிறது, கரையோரக் குடிசைகளில் தண்ணீர் என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அத்தா தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு ஏற்கெனவே வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். உள்ளே அம்மாவும் ஷாயிஸ்தாவும் முன்னறைச் சாமான்களைச் சுவரோரம் நகர்த்திப் பாய் விரிக்க இடம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"ஏறு" என்றார் அத்தா.