ஏன் ஏழு இல்லை?

4 ஆகஸ்ட், திங்கள்

பனி ஒன்பதரை வரை விலகவில்லை. துவைத்த போர்வை மூன்றாம் நாளாக ஈரம்.

முதலில் ஒரு திருத்தம். நான் அவனுக்குச் சமையல்காரி அல்ல. எந்தக் காலத்திலும் யாருக்கும் சமையல்காரி அல்ல. கான்வென்ட்டில் படித்தவள். தோட்டப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. தோட்ட ஆபீஸ் கணக்கெல்லாம் பார்த்த பெரிய கிராணி சிவலிங்கத்தின் மனைவி. இந்த வயதில் இதை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

காரணம் நேற்றைய நாளிதழ். காலையில் பக்கத்து வீட்டுப் பார்வதி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கத்துவதுபோல:

"டீச்சரம்மா! ஒங்களப் பத்தி பேப்பர்ல வந்துருச்சு!"

"என் பெயரா?"

"பேரு போடல. 'தோட்டத்துச் சமையக்காரம்மா ஒருத்தவங்க எனக்குச் சோறு போட்டாங்க'ன்னு பாஸ்கரன் சொல்லிருக்கான். நீங்கதானே அது? லயமே பேசுதுலா."

பாஸ்கரன் என்பது பாஸ்குவால். உருகுவேக்காரன். முப்பது வருடத்துக்கு முன் இங்கே ஒரு மாநில அணிக்குக் கோல் அடிக்க வந்தவன். முழங்கால் போயிற்று. குளிர்ந்த காற்றில் தேறட்டும் என்று மேலே இந்த மலைக்கு அனுப்பினார்கள். அப்போது தோட்டத்துக் காற்பந்துக் குழு எங்கள் வீட்டுக்காரர் கையில். ஹோட்டலில் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று நம் பின்னறையைக் கொடுத்தார். மூன்று மாதம் என் மேசையில் சாப்பிட்டான். அதே மேசையில் நான் அவனுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தேன். வரும்போது 'குட் மார்னிங்' தவிர ஒன்றும் தெரியாது. லயத்துத் தொழிலாளர் வீடுகளில் யாருக்கும் பெயர் வாயில் நுழையாமல் பாஸ்கரன் ஆக்கிவிட்டார்கள்.

பிறகு பெரு, மெக்சிகோ. வயதானதும் மேனேஜர். சொந்த ஊரில் கடைசி வரிசையில் கிடந்த குழுவை மேலே தூக்கினானாம். இப்போது கோலாலம்பூர் அணி ஒன்றுக்கு மேனேஜர். இந்த வாரம் தன் ஆட்களோடு பக்கத்து ஊர் தானா ராத்தாவில் பயிற்சி.

ஞாயிறு மூன்று மணிக்கு நம் தோட்டத்துத் திடலுக்கு அவன் பெயர் வைக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் வெட்டி, நிரவி, கோடு போட்ட திடலுக்கு.

சமையல்காரி கூடப் பரவாயில்லை. அதற்குக் கீழே உள்ள பத்தி. அவனைப் பெரிய ஆளாக்கியது அவனுடைய 'எண் முறை'. திடலைக் கட்டங்களாகப் பிரித்து எண் கொடுப்பது. காலியான இடத்தில் நிற்பவன் தன் கட்டத்தின் எண்ணைக் கூவுவான், பந்து அங்கே வரும். ஏழு மட்டும் கிடையாது. அது அவன் தாயாரின் வீட்டு எண்ணாம், மரியாதைக்காக விட்டானாம். இதெல்லாம் ஒரு நாள் குன்றின் மேல் நின்று தேயிலைக் காட்டைப் பார்த்தபோது தன் மனத்தில் தானாக உதித்ததாம்.

தானாக!

5 ஆகஸ்ட், செவ்வாய்

கிளினிக். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. "என்ன கவலைம்மா?" என்று நர்ஸ். கோபத்துக்கும் கவலைக்கும் வித்தியாசம் தெரியாத பெண்.

வாங்க: மாத்திரை, முட்டை, சிவப்புப் பென்சில், பூச்சி உருண்டை.

பெட்டி முழுக்கக் கொட்டித் தேடினேன். எங்கள் வீட்டுக்காரர் கையால் வரைந்த திடல் படம் ஒன்று இருந்தது. கொழுந்துக் கணக்குத் தாளின் பின்புறம், நீல மை. அது போதும், அவன் வாயை அடைக்க.

இல்லை. எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவருடைய காகிதங்களையெல்லாம் நானே கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன். வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று. எல்லோரும் தடுத்தார்கள். நான் கேட்கவில்லை.

கிடைத்தது ஒன்றுதான். பாஸ்குவாலின் பயிற்சி நோட்டு. நானே அட்டை போட்டது. மேலாகப் புரட்டினேன். கோணல் எழுத்து, என் சிவப்புத் திருத்தம். இதை வைத்து என்ன செய்வது.

6 ஆகஸ்ட், புதன்

மழை. பிற்பகல் சின்னையா வந்தார். அந்தக் காலத்துக் கோல்கீப்பர். இப்போது கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றும் லோரி ஓட்டுகிறார். முட்டி இரண்டும் வலி, வாய்க்கு வலி இல்லை.

"பேப்பர் பாத்தேன் டீச்சரம்மா. அவன் மண்டைல உதிச்சுச்சாம்! பனி எறங்கினா பக்கத்துத் தோட்டத்துக்காரன்லாம் ஆட்டத்த நிறுத்திட்டு டீ குடிக்கப் போவான். நம்ம கிராணி அய்யாதான், 'கண்ணு தெரியலன்னா காது இருக்குல்ல'ன்னு சொல்லி நம்பர் போட்டாரு. புதுசா என்னாத்துக்குப் படிக்கணும்? தேயிலக் காட்டு நம்பரத்தான் அப்படியே தெடல்ல போட்டாரு. ஆபீஸ் பக்கம் ஒண்ணு, உச்சிப் பக்கம் பன்னெண்டு. பொறந்த புள்ளைக்கே தெரியும்."

"ஏழு?"

"ஏழு ஏது? அதுதான் மண்ணு சரிஞ்சு ஆத்தோட போச்சே. காலைல வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல ஆறுக்கு அப்புறம் எட்டுன்னுதானே பேரு கூப்புடுவாங்க. நாங்களும் அப்படித்தான் கத்துவோம்." சிரிப்பு. "ஒரு தடவ அவனுங்க நம்மள ஏமாத்தப் பாத்தானுங்க. பனிக்குள்ள நின்னுக்கிட்டு 'ஏழு, ஏழு'ன்னு கத்துறான்! மேட்டுல நின்ன பொம்பளைங்கலாம் கைதட்டிச் சிரிச்சாங்க. ஏழுன்னு கத்தினா அவன் நம்ம ஆளு இல்லலா."

தேநீர் ஆறிப் போயிற்று. நான் எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தேன். இந்த முறை வரி வரியாக.

'ஏன்' என்று கேட்கும் பாடம். பத்துக் கேள்வி எழுதி, பத்துப் பேரிடம் கேட்டு, பதிலையும் எழுதி வரச் சொல்லியிருந்தேன். ஆறாவது கேள்வி, அவன் கையெழுத்தில்:

ஐயா சிவலிங்கம், உங்கள் காற்பந்து எண்களில் ஏன் ஏழு இல்லை?

பதில்: ஏழு ஆற்றில் விழுகிறது.

'விழுந்தது' என்று சிவப்பில் திருத்தியிருக்கிறேன். பத்துக்கு ஆறு. கீழே என் கையொப்பம், தேதி.

சின்னையா படித்துக் காட்டச் சொன்னார். தமிழில் சொன்னேன். தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"மாட்டிக்கிட்டான் டீச்சரம்மா!"

ஆமாம்.

7 ஆகஸ்ட், வியாழன்

தோட்ட மேனேஜரைப் பார்த்தேன். கோலாலம்பூர்ப் பிள்ளை, நல்ல சட்டை. நோட்டை இரண்டு விரலால் தொட்டார்.

"ஆன்ட்டி, போர்டு எழுதியாச்சு, சட்டமன்ற ஒய்.பி.யே வர்றாரு. இப்ப போயி பேர மாத்த முடியாதுலா. வேணும்னா நன்றியுரைல ஒங்களையும் சேத்துக்கலாம். அந்த... சமையல் விஷயம்..."

"மிஸ்டர், நான் உங்கள் ஆன்ட்டி அல்ல."

நோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

செய்யக்கூடியவை:
1. ஞாயிறு, ஒய்.பி. முன்னால் ஒலிபெருக்கியைப் பிடுங்கி நோட்டைப் படிப்பது.
2. நாளிதழுக்கு நகல்.
3. அவன் ஆட்கள் முன்னாலேயே கேட்பது.

மூன்றாவதுதான் பிடித்திருக்கிறது. முகம் சுருங்குவதைக் கிட்டத்திலிருந்து பார்க்கலாம். கான்வென்ட்டில் மன்னிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். தவறைத் திருத்தி எழுதி வந்த பிறகுதான் மன்னிப்பு என்பதும் அங்கே வழக்கம். நான் அதை மறக்கவில்லை.

8 ஆகஸ்ட், வெள்ளி

வேலை ஓடவில்லை. கத்தரிக்காய் தீய்ந்தது. சமையல்காரியாம்!

எழுதாமல் விட்ட ஒன்று. அவன் கிளம்பிய காலை. பஸ் நிறுத்தத்தில் எங்கள் வீட்டுக்காரரின் இரண்டு கையையும் பிடித்து, "எழுதுவேன், கட்டாயம் எழுதுவேன்" என்றான். நான் கற்றுக்கொடுத்த இறுதிப் பாடமே கடிதம். வலப்பக்கம் முகவரி, இடப்பக்கம் விளிப்பு.

அவர் காத்திருந்தார். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். தபால்காரர் வரும் நேரத்துக்கு மட்டும் ஆபீஸ் வாசலில் ஏதாவது வேலை இருக்கும். நாளிதழின் பொடி எழுத்து முடிவுகளில் அவன் குழுவைக் கண்ணாடி போட்டுத் தேடுவார். ஜெயித்திருந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். "பாரு, நம்ம பையன்."

ஒரு வரி வரவில்லை. அவர் போகும்வரை வரவில்லை.

எண் முறையைத் திருடியதுகூட இரண்டாவதுதான்.

9 ஆகஸ்ட், சனி

மூன்றரைக்குச் சின்னையாவின் லோரியில் தானா ராத்தா. வெள்ளைச் சேலை, கறுப்புக் கம்பளிச் சட்டை, நோட்டு கைப்பையில். ஏறுவதற்குப் பார்வதி ஸ்டூல் கொண்டு வந்தாள்.

"கோஸ் மூட்டை மேல ஒக்காரப் போறீங்களா டீச்சரம்மா?"

"முன்னால். கதவைச் சாத்து."

திடலில் பனி இறங்கியிருந்தது. ஆட்கள் தெரியவில்லை. குரல் மட்டும். மலாயில், ஆங்கிலத்தில், ஒருவன் தமிழில். நாலு. பத்து. ஆறு. எட்டு. மறுபடி ஆறு, எட்டு.

கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் எண்கள். அவர் அடக்கமாகி ஒன்பது வருடம். யாரோ முன்பின் தெரியாத பையன்கள் அவர் தோட்டத்தைக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

விசில். பனியிலிருந்து வெளியே வந்தான். தலை முழுக்க நரை, வயிறு. அதே நொண்டல். என்னைப் பார்த்ததும் கையை விரித்துக்கொண்டு தமிழில்:

"அம்மா! பசியாறியாச்சா?"

பசியாறுவது காலை உணவு; மாலை நாலரைக்கு யாரும் அப்படிக் கேட்பதில்லை. அதையும் நான்தான் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை போலும்.

பையன்கள் கூடிவிட்டார்கள். "எனக்குச் சோறு போட்டது இவர்தான்" என்று ஆங்கிலத்தில் அறிமுகம். இலக்கணப் பிழை இல்லை. என் ஆங்கிலம்.

"ஒரு கேள்வி," என்றேன். "ஏன் ஏழு இல்லை?"

சிரித்துக்கொண்டே தாயாரின் வீட்டு எண் கதையைத் தொடங்கினான். முடிக்க விட்டேன். பிறகு நோட்டைத் திறந்து ஆறாவது கேள்வியில் விரலை வைத்து நீட்டினேன்.

"உரக்கப் படி."

என் விரலுக்குக் கீழே இருந்த தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் எதிர்பார்த்ததுபோல முகம் சுருங்கவில்லை. காது சிவந்தது. மேசையில் தப்பு செய்தால் அப்போதும் அப்படித்தான்.

தமிழ் பேசும் பையன் எட்டிப் பார்த்து, "கோச், ஒங்க ரைட்டிங்தானே இது?" என்றான். வேலியருகே சின்னையா கனைத்துக்கொண்டார்.

"அம்மா," என்றான் பாஸ்குவால், தாழ்ந்த குரலில். "ஐயா எங்கே?"

இறந்தது தெரியாது. தெரிந்துகொள்ளக் கேட்டதும் இல்லை.

சொன்னேன்.

"நாளைக்கு மேடையில் எல்லாம் சொல்லிவிடுகிறேன். சத்தியமாக."

"உன் வாய்ச் சத்தியம் எங்கள் வீட்டில் ஒன்று ஏற்கனவே இருக்கிறது" என்று சொல்லி நோட்டை மூடினேன்.

லோரியில் சின்னையா: "கண்ணு கலங்கிட்டான், பாவம்."

எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

10 ஆகஸ்ட், ஞாயிறு

காலை வெயில். போர்வை ஒருவழியாகக் காய்ந்தது. திடலில் பந்தல், துணி போர்த்திய பலகை. பார்வதி மூன்று முறை வந்து, "முன் வரிசைதானே?" என்று கேட்டுவிட்டாள்.

காலை ஏழு மணிக்கே ஆங்கிலத்தில் எழுதிச் சின்னையாவிடம் கொடுத்தனுப்பினேன். அவன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று. எனக்காக இங்கே தமிழில்:

மிஸ்டர் பாஸ்குவால்,

நேற்று நீங்கள் வாயால் சொன்னதை நான் ஏற்கவில்லை. கீழே உள்ளவற்றைச் செய்யுங்கள்.

ஒன்று. எண் முறை சிவலிங்கத்தினுடையது. ஏழாம் நம்பர் ஆற்றில் போனதால் ஏழு இல்லை. இதை நாளிதழுக்கு உங்கள் கையெழுத்துடன் எழுதுங்கள்.

இரண்டு. திடலுக்கு அவர் பெயர். உங்கள் பெயரை நீங்களே வேண்டாம் என்று சொன்னால் மேனேஜர் மறுக்க மாட்டார்.

மூன்று. நான் உங்கள் ஆசிரியை.

மூன்று மணிக்கு முன் வரிசையில் நோட்டுடன் உட்கார்ந்திருப்பேன். அதை நான் படிப்பதும் படிக்காததும் உங்கள் கையில்.

அவர் உங்கள் கடிதத்துக்காகப் பல வருடம் வாசலில் நின்றார். எப்படி எழுதுவது என்று உங்களுக்குத் தெரியும். நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

இரண்டு மணிக்குள் பதிலை எழுத்தில் தரவும்.